இஞ்சி வாங்குங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பயணத்துக்கு எங்கட கையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. கொழும்பிலிருந்து டுபாய் போய்வர ரிக்கெற், தெய்ராவில் ஆறு இரவுக்கு ஹோட்டல் அறை, சாப்பாட்டுக்கென்று ஒரு தொகை, எல்லாம் ஒரு கொம்பனி தந்தது. பேர் சொல்லமாட்டோம். காதில் மாட்டிக்கொண்டால் ஒரு மொழியில் கேட்பதை இன்னொரு மொழியில் சொல்லுகிற கருவி ஒன்றை, தமிழுக்கும் கொண்டுவந்துவிட்டோம் என்று அறிவிக்க நின்ற கொம்பனி. தமிழில் எழுதக்கூடிய இளம் ஆக்கள் இரண்டு பேர் வேணும், கண்காட்சியைப் பற்றி மூன்று கட்டுரை தரவேணும், ஆளுக்கு 40,000 ரூபாய். நாங்கள் எழுதின சினிமா விமர்சனங்களைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். சினிமாவைத் திட்டித் திட்டி எழுதின இரண்டு பேரை விளம்பரத்துக்குக் கூப்பிட யாருக்கு யோசனை வந்ததோ தெரியாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பிரசுரிக்க 48 மணித்தியாலத்துக்கு முதல் பிரதியை அனுப்பவேணும். வாசித்துப்போட்டுத்தான் கையெழுத்து வைத்தோம். டுபாய் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த வரி சின்னதாகத் தெரிந்தது. வீட்டில் விடை வாங்கினது தனிக்கதை, அது இங்கே வேண்டாம்.

கண்காட்சி ஜைரெக்ஸ். 2024 ஒக்டோபர் 14 தொடக்கம் 18 வரை, டுபாய் உலக வர்த்தக மையத்தில். 1981 இல் தொடங்கினது. எங்கட அம்மாமார் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அங்கே கொம்பியூட்டர் காட்டியிருக்கிறார்கள். மையத்தின் பழைய கோபுரம் 1979 இல் கட்டி முடித்தது, 39 மாடி. இப்போது அதைச் சுற்றி நிற்கிற கட்டடங்களுக்கு நடுவில் ஒரு வயதான உறவுக்காரர் மாதிரி நிற்கிறது. எங்களுக்குக் கைச்செலவுக்குத் தந்த 100 திர்ஹம் தாளின் பின்பக்கத்திலும் அந்தக் கோபுரம்தான் இருந்தது. ஹோட்டல் அறையில் தாளை விரித்துவைத்துப் பார்த்தோம், அடுத்தநாள் காலை மெற்றோவால் இறங்கி நிமிர்ந்தால் அதே கட்டடம். ஓட்டுநரில்லாத ரெயினில் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று வந்த பரவசத்தைவிட இது எங்களுக்குப் பெரிசாய் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போகுமுன் ஒரு கிழமையாக வாசித்துத் தள்ளினோம். இப்படியான கண்காட்சிகள் ஒரு காலத்தில் கோயில் கொடியேற்றம் மாதிரி இருந்திருக்கின்றன. பெர்லின் கண்காட்சி 1924 இல் வானொலிப் பெட்டிகளோடு தொடங்கினது. 1930 இல் அதைத் திறந்துவைத்துப் பேசினவர் ஐன்ஸ்டைன். அமெரிக்காவின் சீஈஎஸ் 1967 இல் நியூயோர்க்கில் தொடங்கினது, பிறகுதான் லாஸ் வேகாசுக்குப் போனது. பெரிய பெரிய கண்காட்சிகள் செத்தும் போயிருக்கின்றன. கொம்டெக்ஸ் 2003 ஓடு நின்றது, வீடியோ கேம் ஆக்களின் ஈ3 ஐ 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். புதுப் போனை வீட்டில் இருந்தே யூரியூபில் பார்க்கலாம் என்றால் யார் விமானம் ஏறி வரப்போகிறார்கள்? இந்தக் கேள்வியை முதல் கட்டுரையின் முதல் வரியாக வைப்பது என்று விமானத்திலேயே தீர்மானித்துவிட்டோம்.

உள்ளே போனதும் அந்த வரி செத்தது. பொருள் பார்க்கவா சனம் வருகிறது? ஆளைப் பார்க்கத்தான் வருகிறது. 6,500 இற்கு மேல் காட்சியாளர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ஒரு ஹோலில் இருந்து அடுத்த ஹோலுக்குப் போவது ஒரு ஊரில் இருந்து அடுத்த ஊருக்குப் போவது மாதிரி. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை. எதிரில் வருகிறவர் முதலில் உங்கட முகத்தைப் பார்க்கமாட்டார், நெஞ்சில் தொங்குகிற அட்டையைப் பார்ப்பார். வாங்குகிறவரா, முதலீட்டாளரா, அரசாங்க ஆளா என்று அரை விநாடியில் எடைபோட்டுவிட்டுத்தான் சிரிப்பதா இல்லையா என்று முடிவெடுப்பார். எங்கட அட்டையில் ஊடகம் என்று இருந்தது. அதுக்கு ஒரு பாதிச் சிரிப்பு கிடைக்கும். அட்டையில் உள்ள கோட்டை ஸ்கான் பண்ணினால் உங்கட பேரும் மின்னஞ்சலும் அவர்களிடம் போய்விடும். பேனையும் துணிப்பையும் சும்மா தருகிறார்கள் என்று முதல்நாள் கண்ட கண்ட இடமெல்லாம் நீட்டினோம். தரவு மையங்களைக் குளிர்விக்கிற இயந்திரம் வாங்கச் சொல்லி எங்களுக்கு இன்றுவரை மெயில் வருகிறது. கம்பஸ் விடுதியில் காற்றாடியே சரியாய்ச் சுத்தாது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏஐ. காரில் ஏஐ, கமராவில் ஏஐ, ஒரு இடத்தில் தண்ணி வடிக்கிற இயந்திரத்திலும் ஏஐ. பறக்கும் கார், மனித ரோபோ எல்லாம் இருந்தன. அவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, அவற்றுக்குப் பக்கத்தில் நின்று நாங்களும் படம் எடுத்தோம், அவ்வளவுதான்.

எங்களைக் கூட்டிப்போன கொம்பனியின் ஸ்டோல் ஒரு மூலையில். ஒரு சின்ன மேசை, இரண்டு ஸ்கிரீன், நாலைந்து ஜோடிக் கருவி. செய்துகாட்டினவர் சென்னைப் பொடியன், எங்களைவிட ஐந்தாறு வயசு கூட இருக்கும். நல்ல மனிசன். அவர் சொல்லித்தான் அது எப்படி வேலை செய்கிறதென்று விளங்கினது. முதலில் பேச்சை எழுத்தாக்கும், பிறகு அந்த எழுத்தை மொழிபெயர்க்கும், பிறகு மொழிபெயர்த்ததைக் குரலாக்கும். மூன்று படி. முதல் படியில் கால் தடுக்கினால் மிச்ச இரண்டும் அந்தப் பிழையை அழகாக முடித்துக்கொடுக்கும். குரல் எங்கேயோ உள்ள சேவருக்குப் போய்த் திரும்புவதால் இன்ரநெற் இல்லாமல் தமிழ் வேலை செய்யாது.

"ரயில் நிலையம் எங்கே உள்ளது?" என்று அவர் கேட்டார். ஆங்கிலம் பிசகில்லாமல் வந்தது. "இந்தப் பொருளின் விலை என்ன?" அதுவும் வந்தது. கூடிநின்ற சனம் தலையாட்டினது. பிறகு எங்களைப் பேசச் சொன்னார்.

எங்களில் ஒருத்தி சாவகச்சேரிக்காரி. அவள் பழக்கதோசத்தில், "இஞ்ச வாங்கோ" என்றாள்.

ஸ்கிரீனில் "இஞ்சி வாங்குங்க" என்று விழுந்தது. ஒரு விநாடி கழித்து, இஞ்சி வாங்கச் சொல்லி ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் எங்களைக் கேட்டுக்கொண்டது.

சிரிப்பை அடக்க ஏலவில்லை. "ஓம்" என்று சொல்லிப் பார்த்தோம், மந்திரம் மாதிரி ஓம் என்றே திரும்பி வந்தது. மற்றவள் கல்முனைப் பக்கம். அவள் "எங்கட காக்கா" என்றாள், காகம் வந்தது. முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன் என்று அந்தப் பொடியனுக்குச் சொன்னபோது அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "சிஸ்டர், கொஞ்சம் நார்மல் தமிழ்ல பேசுங்களேன். நீங்க பேசுறது மலையாளம் மாதிரியே இருக்கு" என்றார். இலங்கைத் தமிழர் யாரும் வாழ்க்கையில் ஒரு தரமாவது கேட்டிருக்கிற வசனம். கோபம் வரவில்லை. கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்ட சந்தோசத்தில் இருந்தோம்.

நியாயமாய் இருக்கவேணும் என்று ஒரு ஜோடியை இரவல் வாங்கிக்கொண்டு போய், ஹோட்டல் அறையில் ஏசியையும் நிப்பாட்டிவிட்டு மறுபடி பார்த்தோம். ஹோலின் இரைச்சலில்தான் பிழைத்திருக்கலாம் அல்லவா? சத்தம் இல்லாதபோது கொஞ்சம் நல்லாய் வேலை செய்தது. செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினால் பிடித்தது. சன் ரீவி சீரியல் மாதிரிப் பேசினாலும் பிடித்தது. வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் இஞ்சிதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் கழிப்பறைக்குப் போகிற நடைபாதையில் நின்று இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். துடைப்பானை வாளியில் பிழிந்துகொண்டு நின்ற அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளையள் இலங்கையா?"

கிழக்குத் தமிழ். கல்முனைக்காரியின் முகத்தைப் பார்த்திருக்கவேணும். ஊர்பேர் போடவேண்டாம் என்று அவர் கேட்டதால் மாமி என்றே எழுதுகிறோம், நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். ஐம்பது வயசு மட்டில். முதலில் குவைத்தில் வீட்டுவேலை, இப்போது இங்கே துப்புரவு ஆக்களை அனுப்புகிற ஒரு கொந்தராத்துக்காரரிடம். இந்தக் கண்காட்சிக்கு ஐந்து நாளும் போட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட். நாங்கள் என்னத்துக்கு வந்தோம் என்று கேட்டார். சொன்னோம். இஞ்சிக் கதையையும் சொன்னோம். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அது பேசினா இங்கிலீசில எழுதித் தருமா?" என்று கேட்டார்.

தரும் என்றோம்.

"அப்ப எனக்கு அது ஒண்டு தேவ மகள்."

விசயம் இதுதான். தை மாசம் ஊரில் கலியாணம். ஆபீசுக்கு லீவுக் கடிதம் ஆங்கிலத்தில் கொடுக்கவேணும். அரபு பேசுவார், ஹிந்தி சமாளிப்பார், தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் எழுத ஏலாது. எழுதிக்கொடுக்கிற பொடியன் ஒருத்தன் அறைக்குப் பக்கத்தில் இருந்தானாம், அவன் ஊருக்குப் போய்விட்டான். வீட்டோடு பேசுவதும் கஷ்டம். அந்த நாட்டில் வட்ஸ்அப்பில் கோல் எடுக்க ஏலாது, முடக்கி வைத்திருக்கிறார்கள். மெசேஜ் போகும், குரல் பதிவு போகும், கோல் மட்டும் போகாது. பேசவேணும் என்றால் அனுமதியுள்ள வேறு செயலிக்குப் போகவேணும். மாமி குரல் பதிவிலேயே குடும்பம் நடத்துகிறார். உலகத்தை இணைக்கிறோம் என்று கூரை உயரத்துக்கு எழுதி வைத்திருந்த ஹோலின் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னார்.

ஸ்டோலுக்கு வாங்கோ, காட்டுகிறோம் என்று கூப்பிட்டோம். மடத்தனம். சுப்பவைசர் கண்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஓடவேயில்லை. படம் எடுக்கவா என்று போனையும் தூக்கினோம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நாட்டில் ஆளின் அனுமதி இல்லாமல் படம் எடுப்பது குற்றம் என்று தெரிந்துகொண்டும், ஒரு துப்புரவுத் தொழிலாளி என்றதும் கை தானாகப் போனது. ரோபோவுக்குப் பக்கத்தில் நின்ற கோட்டுப்போட்ட மனிசரிடம் மட்டும் முதல்நாள் ஒழுங்காக அனுமதி கேட்டிருந்தோம். இதை இங்கே எழுதாமல் விட்டால் சரியில்லை.

அன்று இரவு ஷிப்ட் முடிய, அவர்களை ஏற்றிப்போகிற பஸ் நிற்கிற இடத்தில் எங்களுக்கு பத்து நிமிசம் கிடைத்தது. ஒக்டோபரிலும் இரவில் அந்த ஊர் புழுங்குகிறது. இரவல் கருவியை மாமியின் காதில் மாட்டிவிட்டு, பேசுங்கோ என்றோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீசில் பெரியவருக்கு முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்:

"எங்கட தாத்தாட மகளுக்கு கலியாணம் வச்சிரிக்கி. தை மாசம் ரெண்டு கிழம லீவு வேணும்."

ஆங்கிலம் வந்தது. பிழையில்லாத இலக்கணம், நல்ல உச்சரிப்பு. மாமிக்குச் சந்தோசம். "சரியா வந்திச்சா?" என்று எங்களைப் பார்த்தார்.

தன் பாட்டனாரின் மகளுக்குத் திருமணம், ஜனவரியில் இரண்டு நாள் விடுமுறை தேவை என்று அது சொல்லியிருந்தது.

தாத்தா என்றால் அவருக்கு அக்கா. கிழமை என்றால் எங்கள் எல்லாருக்கும் ஏழு நாள். இந்தியத் தமிழில் கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்கிற ஒரு நாள். இயந்திரம் தனக்குத் தெரிந்த தமிழில் சரியாகத்தான் செய்திருக்கிறது. கடிதம் அப்படியே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஐம்பது வயசுக்காரி பாட்டனாரின் மகளுக்குக் கலியாணம் என்கிறாள், பொய் சொல்லுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அல்லது, கேட்ட இரண்டு நாளைத் தந்திருப்பார்கள். ஆங்கிலம் தெரியாத மாமி, தான் இரண்டு கிழமை கேட்டதாகவே நினைத்துக்கொண்டு ரிக்கெற் போட்டிருப்பார்.

இஞ்சியைப் பார்த்துச் சிரித்த மாதிரி இதைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. எங்களுக்கு அந்தப் பிழை பிழை என்று தெரியும், ஆங்கிலத்தையும் வாசிக்கிறோம். உண்மையில் எங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை. தேவையான ஆளுக்குத்தான் அது பிழைத்ததைக் கண்டுபிடிக்க வழி இல்லை. முதல்நாள் இரவு அறையில் இருந்து நாங்கள் எழுதிவைத்த நகைச்சுவைக் கட்டுரையில் இந்த விசயம் ஒரு வரிகூட இல்லை. இனி இந்தக் கருவியே கூடாது என்று எழுதிவிடலாமா என்றும் யோசித்தோம். அதுவும் பொய். "இதைத் திருத்திப்போட்டு விப்பாங்களா?" என்று பஸ் ஏறுமுன் மாமி கேட்ட கேள்வி அப்படி எழுதவிடாது.

லீவுக் கடிதத்தை ஹோட்டல் தாளில் நாங்களே எழுதிக்கொடுத்தோம். அதற்கு எந்த ஏஐயும் தேவைப்படவில்லை. இரண்டு வாரம் என்பதற்குப் பக்கத்தில் 14 நாட்கள் என்றும் எழுதினோம்.

வியாழக்கிழமை ஸ்டோலுக்குத் திரும்பிப்போய் அந்தச் சென்னைப் பொடியனுக்கு விபரமாய்ச் சொன்னோம். மாமியைப் பற்றிச் சொல்லாமல், சொற்களை மட்டும். அவர் கொப்பியை எடுத்து, கிழமை சமன் வாரம் என்று எழுதிக்கொண்டார். "இத எங்களுக்கு யாருமே சொல்லல" என்றார். அது உண்மையாய்த்தான் இருக்கும். கூகுளின் பேச்சறி சேவையில் மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் தமிழ் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலாய்ப் பிரித்துப் போட்டிருக்கும். அதாவது பிரச்சினை தெரியாத ஒன்றல்ல. அந்த இலங்கைத் தமிழுக்குள்ளும் சாவகச்சேரி வேறு, கல்முனை வேறு, ஹற்றன் வேறு. ஒரு கிராமத்துக்குள்ளேயே தாத்தா இரண்டு பேர். நீங்கள் கம்பஸில் ஆக்களைப் பிடித்துக் குரல் பதிவு செய்து தருவீர்களா என்று அவர் கேட்டார். எவ்வளவு தருவீர்கள் என்று நாங்கள் கேட்டோம். அது மார்க்கெற்றிங் ஆக்களிடம் கேட்கவேணும் என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கடைசி நாள் வெள்ளி. பின்னேரம் கண்காட்சி முடிவதற்கு முன்னமே சில ஸ்டோல்களில் ஸ்கிரீனைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை பளிங்கு மாதிரி இருந்த சுவர்கள் ஒட்டுப்பலகையும் ஸ்டிக்கருமாய் நின்றன. நீலக் காப்பெற்றைப் பட்டி பட்டியாய் வெட்டிச் சுருட்டினார்கள். மாமியைத் தேடினோம், அன்று வேறு ஹோலுக்குப் போட்டிருந்தார்கள்போல, காணவில்லை.

ஊருக்கு வந்து மூன்று கட்டுரையும் எழுதினோம். முதல் இரண்டும் கண்காட்சியின் வரலாறு, கழுத்து அட்டைகள், ஏஐ தண்ணி இயந்திரம். 48 மணித்தியால விதிப்படி மூன்றையும் அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது, மிகவும் பண்பான மெயில். இஞ்சிப் பகுதி நன்றாக இருக்கிறது, இளைஞர்களுக்குப் பிடிக்கும், அதை வைத்திருங்கள். லீவுக் கடிதப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள், வாசிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். நாங்கள் இரண்டு நாள் சண்டைபிடித்தோம், கொம்பனியோடு இல்லை, எங்களுக்குள். 40,000 ரூபாய் என்பது எங்களில் ஒருத்திக்கு ஒரு செமஸ்டரின் சாப்பாடும் போக்குவரத்தும். எடுத்துவிட்டு அனுப்பலாம், பிறகு முழுசாய் வேறு இடத்தில் போடலாம் என்பது ஒருத்தியின் கட்சி. எந்த ஒருத்தி என்று சொல்லமாட்டோம். கடைசியில் மூன்றாவதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினோம். மூன்றும் தராதபடியால் காசு இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, அவர்கள் சொன்னது சரி. இரவல் ஜோடியையும் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டோம்.

மாமியின் குரல் பதிவு போன கிழமை வந்தது. ஒரு நிமிசம் பன்னிரண்டு விநாடி. பின்னால் பஸ் இரைகிறது. பத்து நாள் தந்திருக்கிறார்களாம். தாத்தாவுக்குச் சாரி எடுத்தாயிற்றாம், எங்களையும் கலியாணத்துக்கு வரச்சொல்லுகிறார். திகதியைப் பார்த்தால் அந்தக் கிழமை எங்களுக்கு எக்ஸாம்.